பனி மூட்டத்தைக் காட்டி எயார் பியூரிபையர் விற்கிறார்கள், கவனம்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் வீடு வீடாக எயார் பியூரிபையர், அதாவது காற்றைச் சுத்தமாக்கும் மெஷின், விற்கிற ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் காற்றில் எவ்வளவு தூசி என்று காட்டுகிற ஒரு சின்ன மீட்டர், கழுத்தில் ஒரு அடையாள அட்டை, பேச்சு மட்டும் தேன். பிள்ளைக்கு அலர்ஜி, பீனிசம், இழுப்பு என்று இருக்கிற வீடுகளாகப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். யார் வீட்டில் என்ன வருத்தம் என்று முதலில் கடையிலோ பக்கத்து வீட்டிலோ பேச்சுக் கொடுத்து விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. எங்களிடம் 48,500 ரூபா வாங்கினார்கள். அதில் பாதிக்கு மேல் என் மாமியாரின் சீட்டுக் காசு.

எங்கள் வீடு எப்படி என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் துணி காயாது, அலுமாரியைத் திறந்தால் ஒரு புழுங்கல் வாடை, கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். மகளுக்கு விடிந்தால் தும்மல் ஆரம்பிக்கும், பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் நிற்காது, ராத்திரியில் நெஞ்சில் விசில் சத்தம். இப்படி இருக்கிற வீட்டில் "உங்க பிள்ளை நல்லாத் தூங்கும் அக்கா" என்று ஒருவன் வந்து சொன்னால் யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்?

அந்தத் தம்பி வந்தது பின்னேரம், மூட்டம் இறங்கி எதிர் மலையே தெரியாத நேரம். வந்த உடனே மெஷினை வெளியே எடுக்கவில்லை. "அக்கா, முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க, உங்க வீட்டுக் காத்து எப்படி இருக்குன்னு பாத்துருவோம்" என்றான். திறந்தேன். பனி புகை மாதிரி உள்ளே வந்தது. மீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான், நம்பர் ஏறி ஏறி 312 வரைக்கும் போனது, திரை சிவப்பாகிவிட்டது. "பாத்தீங்களா, இதைத்தான் பிள்ளை விடிய விடிய இழுக்குது. இதெல்லாம் நஞ்சு." என் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஜன்னலை இறுக்கி மூடச் சொன்னான், மெஷினை ப்ளக்கில் சொருகினான், டீ குடித்துக்கொண்டே ஊர்க் கதை பேசினான். டீ முடிகிற நேரம் நம்பர் 40க்கு இறங்கி, திரை பச்சை. என்ன சொல்வது, கண்ணால் பார்த்தோமே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சின்ன மீட்டருக்குள்ளே இருப்பது ஒரு லேசர் லைட். காற்றில் மிதக்கிற துகளில் அந்த வெளிச்சம் பட்டுச் சிதறுவதை வைத்துத்தான் அது கணக்குச் சொல்கிறது. அது தூசியா, புகையா, வெறும் தண்ணீர்த் துளியா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூட்டம் என்பது என்ன, நுண்ணிய தண்ணீர்த் துளிதானே. ஜன்னலைத் திறந்து வைத்தால் நம்பர் ஏறத்தான் செய்யும், மூடிவிட்டால் உள்ளே வந்த துளிகள் கொஞ்ச நேரத்தில் ஆவியாகி நம்பர் தானாக இறங்கும். மெஷின் இருந்தாலும் இறங்கும், இல்லாவிட்டாலும் இறங்கும். கொழும்பில் இந்த வித்தை பலிக்காது, அங்கே கொசுவர்த்தியோ ஊதுபத்தியோ கொளுத்திக் காட்ட வேண்டும். இங்கே நம்ம மலையே இவர்களுக்கு இலவசமாகப் புகை போட்டுக் கொடுக்கிறது.

மெஷின் வந்த பிறகு தும்மல் குறையவில்லை. அறைக்குள் ஒரு வாடை மட்டும் புதிதாக வந்தது, போட்டோ கொப்பி கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே அதே மாதிரி. போன் போட்டுக் கேட்டதற்கு "அதுதான் அக்கா சுத்தமான காத்தோட வாசம், மழை பெஞ்ச மாதிரி ப்ரெஷ்ஷா இருக்கும்" என்றான். மகளுக்குத் தொண்டை வறண்டு இருமல் கூடியது. மெஷினுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படர ஆரம்பித்தது. விரலால் தொட்டால் விரல் கறுத்தது.

கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே "அதில் அயன் பட்டன் ஏதும் இருக்கா?" என்பதுதான். இருந்தது, பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள், 50 லட்சம் நெகட்டிவ் அயன் என்று. அவர் விளங்கப்படுத்தினார். அயன் என்றால் மின்னேற்றம் உள்ள நுண்துகள், அதை விடுகிற மெஷின் தூசிக்கும் மின்னேற்றம் கொடுக்கிறது, மின்னேற்றம் ஏறிய தூசி பக்கத்தில் இருக்கிற சுவரிலும் திரையிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தூசி வீட்டை விட்டுப் போகவில்லை, இடம் மாறி இருக்கிறது, அவ்வளவுதான். அதோடு இந்த வகை மெஷின்களில் சிலது ஓசோன் வாயுவையும் உண்டாக்கும், அந்த வாடை அதுதான். ஓசோன் மூச்சுக் குழாயை எரிச்சல்படுத்தும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கெடுதல். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) மேல் ஓசோன் விடுகிற எயார் கிளீனர்களை வீட்டுப் பாவனைக்கு விற்கவே முடியாது. இங்கே அதையே "ப்ரெஷ்" என்று சொல்லி விற்கிறார்கள். அன்றைக்கே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோம்.

உச்சக்கட்டம் அதற்குப் பிறகுதான். என் கொழுந்தனார் கொழும்பில் ஏசி வேலை செய்பவர். லீவுக்கு வந்தவர் மெஷினைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பின் மூடியைக் கழற்றினார். "அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க." போய்ப் பார்த்தால் பில்டர் பாக்டரியில் இருந்து வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது! வாய் ஒட்டின டேப்பு கூடப் பிரிக்கவில்லை. விற்க வந்தவன்தான் மெஷினைப் பூட்டிக் கொடுத்தான், மூடியைத் திறக்க வேண்டாம், திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனான். அப்படியென்றால் அன்றைக்கு 312ஐ 40 ஆக்கியது எது? காற்றுப் போக வழியே இல்லாத பில்டரா?

உறையைக் கிழித்தால் அதற்குள் இருந்தது அதைவிடக் கேவலம். ஒரு கறுப்பு ஸ்பொஞ்சு, அதற்குப் பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி. பல்புக்கு நேரே பிடித்தால் பல்பே தெரிகிறது. உண்மையான ஹெப்பா பில்டர் நெருக்கமாக மடிப்பு மடிப்பாக மடித்த தடித்த தாள் போல இருக்கும், 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். எங்கள் பெட்டியிலும் ஹெப்பா என்று பெரிய எழுத்தில் இருந்தது, அதற்குக் கீழே டைப் என்று எறும்பு எழுத்தில், அதாவது ஹெப்பா மாதிரி, ஹெப்பா இல்லை.

கொழுந்தனார் இன்னொன்றும் காட்டினார். இதுதான் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நல்ல பியூரிபையரில் சிஏடிஆர் என்று ஒரு அளவு போட்டிருக்கும், ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை வெளியே தருகிறது என்ற கணக்கு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி, அதற்குக் கிட்டத்தட்ட 135 கன மீட்டர் வேண்டும். எங்கள் மெஷின் 600 சதுர அடிக்குப் போதும் என்று அந்தத் தம்பி அடித்துச் சொன்னான். 600 சதுர அடி என்றால் 680 கன மீட்டருக்குக் கிட்ட வர வேண்டும், உள்ளே இருந்த பேன் என் உள்ளங்கை அளவு கூட இல்லை. பின்னால் ஒட்டியிருந்த லேபிளில் சிஏடிஆர் என்ற பேச்சே கிடையாது, 9 வொட் என்று மட்டும்தான் இருந்தது.

அவனுக்குப் போன் எடுத்தோம். முதலில் "சேர்விஸ் ஆள் வருவார் அக்கா", பிறகு "கொழும்பில இருந்து பார்ட்ஸ் வரணும்", அதற்குப் பிறகு வேறொருவர் லைனில் வந்து "நீங்கள் மூடியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி இல்லை, வேண்டுமானால் புது பில்டர் 7,500 ரூபாவுக்குத் தருகிறோம்" என்கிறார். அந்த ஆளின் தைரியத்தைப் பாருங்கள். இப்போது எங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். பில் என்று கொடுத்த துண்டில் கொம்பனி பேரும் ஒரு மொபைல் நம்பரும்தான், விலாசம் இல்லை.

டொக்டர் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மெஷின் வாங்கியிருந்தாலும் எங்கள் பிரச்சினையில் பாதி அப்படியேதான் இருந்திருக்கும். மகளுக்கு ஒத்துக்கொள்ளாதது தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அது வாழ்வது காற்றில் இல்லை, மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும். அதன் கழிவுதான் அலர்ஜியைக் கிளப்புவது. கொஞ்சம் கனமான துகள் என்பதால் கிளம்பினாலும் சீக்கிரம் கீழே படிந்துவிடும், மூலையில் நிற்கிற மெஷின் மெத்தைக்குள் இருப்பதை எப்படி இழுக்கும்? பூச்சிக்கு ஈரம்தான் உயிர். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அது பெருகாது, ஆனால் மழைக்காலத்தில் நம்ம பக்கம் அது நடக்கிற காரியமா. அதனால் மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை, விரிப்பையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 60 பாகை சூட்டுத் தண்ணீரில் துவைப்பது, வெயில் கண்டால் கம்பளியை வெளியே போடுவது, கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போடுவது, இதைத்தான் செய்கிறோம். மெத்தை உறை வாங்கிப் போட்ட பிறகு காலைத் தும்மல் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. பியூரிபையர் புகைக்கும், காற்றில் மிதக்கிற நுண்ணிய தூசிக்கும், பூஞ்சண வித்துக்கும் உதவும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவர் ஈரமாக இருக்கும் வரைக்கும் பூஞ்சணம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு கொடுமை, எங்கள் லைன் வீடுகளில் ஒரு அக்காவுக்கு இதே ஆட்கள் பியூரிபையர் என்று சொல்லித் தந்திருப்பது தண்ணீர் ஊற்றினால் ஆவி விடுகிற ஹியுமிடிபையர். ஏற்கெனவே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கிற வீட்டில் இன்னும் ஈரம்! பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைத்த மாதிரி.

யாராவது மீட்டரோடு வந்தால், மூட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பில்டரைக் கையில் தரச் சொல்லுங்கள், சிஏடிஆர் எவ்வளவு என்று கேளுங்கள், மாற்றுப் பில்டர் எந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள், அயனை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். விலாசத்தோடு பில் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. மழுப்பினால் டீ கூடப் போட வேண்டாம்.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், பில் துண்டு, லேபிளின் படம், உறை பிரிக்காத பில்டரின் படம் எல்லாம் வைத்து. அவர்களின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்தால் எப்படிச் செய்வது என்று சொல்கிறார்கள். வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு போனால் எடுக்க மாட்டார்கள். இதே ஆட்களிடம் வாங்கியவர்கள் இன்றைக்கே பின் மூடியைத் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் இருந்தால் பிரிக்காமல் அப்படியே படம் எடுத்துவிட்டு எழுதிக் கொடுங்கள். தனி ஒரு வீடு என்றால் தட்டிக் கழிப்பார்கள், பத்து வீட்டில் இருந்து போனால் அந்த மொபைல் நம்பருக்குப் பின்னால் இருப்பது யார் என்று தேடித்தான் ஆக வேண்டும்.