கார்ல்டன், கிரினல், மெக்காலிஸ்டர்: மகளுக்கு எந்தக் கல்லூரி?

மகள் கிரினல் கல்லூரியில் முதல் வருடத்தை முடித்திருக்கிறாள். அதனால் இந்த அலசலில் கிரினல் பக்கம் சாய்வு இருக்கும், அதை மறைக்கப் போவதில்லை. கார்ல்டன், கிரினல், மெக்காலிஸ்டர் மூன்றிலும் இடம் கிடைத்த பிறகுதான் முடிவெடுத்தோம். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் இருந்தது.

நாங்கள் இருப்பது சிகாகோ புறநகரில். இங்குள்ள நம் குடும்பங்களில் பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்கு வந்தால் பேச்சு அர்பானா-ஷாம்பெய்ன், பர்டியூ, மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் என்றுதான் போகும். கணினிப் பொறியியல்தான் படிக்கப் போகிறேன் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் மகள் அப்படி இல்லை. வேதியியல் வேண்டும், வரலாறும் வேண்டும், இரண்டில் ஒன்றைப் பதினேழு வயதில் கைவிட அவளுக்கு மனமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை, அதாவது அறிவியல், கலை என்று பிரிக்காமல் பல துறைகளையும் சேர்த்துப் படிக்க விடும் இளங்கலைக் கல்லூரிகளைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன்.

மூன்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரினலில் ஏறக்குறைய 1,700 மாணவர்கள், மற்ற இரண்டிலும் 2,000 பக்கம். முதுகலைப் படிப்பு கிடையாது, ஆகவே பேராசிரியரே பாடம் எடுக்கிறார், ஆய்வகத்தில் அவருக்குத் துணையாக இளங்கலை மாணவர்களே வேலை செய்கிறார்கள். வகுப்புகள் சிறியவை. சைவச் சாப்பாடு சமாளிக்கலாம். குளிர் மூன்று இடத்திலும் கடுமை. இவற்றை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவோ தள்ளவோ முடியாது.

இனி வேறுபாடுகள். கார்ல்டன், மினசோட்டாவில் நார்த்ஃபீல்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது, மினியாபொலிஸிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கே செமஸ்டர் முறை இல்லை. பத்து வாரம் கொண்ட மூன்று பருவங்கள், ஒரு பருவத்துக்குப் பொதுவாக மூன்று பாடங்கள். ஒரே நேரத்தில் மூன்று பாடங்களில் மட்டும் கவனம் வைத்தால் போதும் என்பது பெரிய வசதி. ஆனால் பத்து வாரத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எழுந்து பிடிப்பது கஷ்டம் என்று அங்கு படிக்கும் பிள்ளைகளே எங்களிடம் சொன்னார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. முதல் பருவம் நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாளுக்கு முன்பே முடிந்து, அடுத்தது ஜனவரி தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. டிசம்பர் முழுக்கச் சென்னையில் தாத்தா பாட்டியோடு இருக்கலாம், மார்கழிக் கச்சேரிகளும் கேட்கலாம். வீட்டுக்காரருக்குக் கார்ல்டன் மேல் ஆசை வந்ததே இதனால்தான்.

மெக்காலிஸ்டர் செயின்ட் பால் நகருக்குள்ளேயே இருக்கிறது. கல்லூரி வாசலைத் தாண்டினால் கடைத்தெரு, பேருந்து, வேலைப் பயிற்சிக்கு அலுவலகங்கள். பன்னாட்டுச் சூழல் அதன் பெருமை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1961இல் அங்கு பட்டம் பெற்றவர். முதல் இரண்டு வருடம் மட்டும் விடுதி கட்டாயம் என்பதால் பிறகு வெளியே வீடெடுத்துச் செலவைக் குறைக்க வழியுண்டு. சிற்றூர் ஒத்துவராத பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். அரசியல், சர்வதேச உறவு போன்ற துறைகளில் அங்கு படிப்பு எப்படி என்று விரிவாகச் சொல்லும் அளவுக்கு நாங்கள் விசாரிக்கவில்லை. மகளுக்கு அந்தப் பக்கம் நாட்டமில்லை.

கிரினல் அயோவாவில், டெமாயினுக்குக் கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம். எங்களுக்கு ஐ-80 நெடுஞ்சாலை பிடித்தால் நேர் வழி. ஊரில் மொத்தமே ஒன்பதாயிரம் பேர் அளவுதான், சுற்றிலும் சோளக்காடு. ஆனால் பாடத்திட்டத்தில் அது தனி ரகம். பொதுக் கட்டாயப் பாடம் என்று இருப்பது முதல் வருட டுட்டோரியல் என்ற சிறு கருத்தரங்க வகுப்பு ஒன்றுதான். மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்துக்கு உரியதை முடித்தால் மற்றதெல்லாம் மாணவர் விருப்பம். இந்தச் சுதந்திரத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளை எப்படிக் கையாளும் என்று எனக்குப் பயம் இருந்தது. அதற்கும் அவர்கள் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: டுட்டோரியல் எடுக்கும் பேராசிரியரே, மேஜர் முடிவாகும் வரை அந்த மாணவரின் ஆலோசகர். வாரா வாரம் வகுப்பில் பார்க்கிறவர், பிள்ளையின் எழுத்தைத் திருத்துகிறவர், அடுத்த செமஸ்டருக்கு என்ன எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசுகிறார். என் மகள் வேதியியலோடு வரலாற்றையும் விடாமல் கொண்டுபோவது இந்த ஏற்பாட்டால்தான்.

சரி, இப்போது பணம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான், உங்களுடையதையும் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கும்.

கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இந்த மூன்றிலும் வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் விலைப் பட்டியல் போகிறது. உதவித்தொகை இரண்டு வகை. ஒன்று, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. மூன்று கல்லூரிகளும் 'தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறோம்' என்கின்றன, அது உண்மையும்கூட. ஆனால் தேவை எவ்வளவு என்று கணக்குப் போடுவது கல்லூரி. கணவனும் மனைவியும் மென்பொருளில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கில் தேவை பூஜ்யமாகவே வரலாம். கையில் அவ்வளவு பணம் இருக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வகை, வருமானம் பார்க்காமல் தகுதிக்குத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப். இங்கேதான் மூன்றும் பிரிகின்றன. கிரினலும் மெக்காலிஸ்டரும் இதைத் தருகின்றன. கார்ல்டன், நேஷனல் மெரிட் (பள்ளியில் எழுதும் தேசியத் தேர்வை வைத்துத் தருவது) போன்ற சிறு தொகைகள் தவிரத் தருவதில்லை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் போன்ற கிழக்குக் கரைக் கல்லூரிகளும் வருமான அடிப்படையில் தருவதையே கொள்கையாக வைத்திருக்கின்றன. அந்தக் கொள்கை நியாயமானது, ஏழைப் பிள்ளைகளுக்கு அதனால் நிறையக் கிடைக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு மட்டும் கார்ல்டன் என்றால் முழு விலை.

மெரிட் கடிதம் வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். தொகை நான்கு வருடமும் ஒரே அளவு நிற்பதுதான் வழக்கம், கட்டணமோ வருடா வருடம் ஏறும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வருடச் செலவு 80,000, ஸ்காலர்ஷிப் 25,000. 'வருடம் 55,000, நான்கு வருடம் 2,20,000' என்றுதான் மனம் கணக்குப் போடும். செலவு வருடம் 4 சதவீதம் ஏறினால் நான்கு வருடச் செலவு 3,39,700 டாலர், அதில் ஒரு லட்சம் போக மீதி 2,39,700. மனக்கணக்கை விடக் கிட்டத்தட்ட 20,000 டாலர் கூடுதல். மூன்று கல்லூரிக்கும் இப்படி நான்கு வருடக் கணக்கு எழுதிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையான வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் இரண்டு கேள்வியைக் கல்லூரியிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்காலர்ஷிப் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? வெளிநாட்டில் படிக்கும் செமஸ்டருக்கும் அது செல்லுமா?

நம் குடும்பங்களுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. உதவித்தொகைக்கு நிரப்பும் அரசின் ஃபாஃப்ஸா படிவத்தில் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் சென்னையில் வாங்கிப் போட்ட ஃபிளாட்டும் மனையும் சொத்துதான், காட்ட வேண்டும். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு விரிவான படிவத்தையும் கேட்கும் கல்லூரிகள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் கேட்கும், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதா மாதம் அனுப்பும் பணத்தை ஃபாஃப்ஸா கழிக்காது. ப்ரொஃபைலில் சிறப்புச் சூழ்நிலைகளை விளக்க இடம் இருக்கிறது, அங்கே கூச்சப்படாமல் எழுதுங்கள். பிள்ளை பேரில் போட்டிருக்கும் சேமிப்பில் 20 சதவீதத்தை ஃபாஃப்ஸா கணக்கில் எடுக்கிறது, பெற்றோர் பேரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் முன்பு கிடைத்த சலுகையும் 2024-25 முதல் ஃபாஃப்ஸாவில் இல்லை.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்த பெற்றோரைச் சார்ந்து) இருக்கும் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் அரசின் உதவித்தொகை கிடையாது, பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே வைத்துப் பார்க்கின்றன. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பம் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால்தான் எர்லி டிசிஷன், அதாவது ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்து விண்ணப்பிக்கும் முறை, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகளின் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. செலவு பற்றிக் கவலையில்லாத குடும்பத்துக்கு அது சரி. மற்றவர்கள் 2011 முதல் எல்லாக் கல்லூரித் தளத்திலும் சட்டப்படி இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை (குடும்ப விவரம் கொடுத்தால் உதவி போக உத்தேசச் செலவைச் சொல்லும் கருவி) முதலில் போட்டுப் பாருங்கள். சொந்தத் தொழில் வருமானம் இருந்தால் அது தரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

எங்களுக்குக் கிரினல், மெக்காலிஸ்டர் தொகைகள் அருகருகே வந்தன. கார்ல்டன் எட்டாத தூரத்தில் நின்றது. மிச்சம் இரண்டில் கிரினலின் பாடச் சுதந்திரம் மகளை இழுத்தது. என்னை இழுத்தது அதன் நிதி நிலைமை. இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் கிரினலில் படித்தவர். இன்டெல் தொடங்கிய காலத்திலேயே கல்லூரி அதில் முதலீடு செய்தது, பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் கல்லூரியின் அறங்காவலராக இருந்தார். இன்று 1,700 மாணவர்களுக்குப் பின்னால் 200 கோடி டாலருக்கும் மேல் நிதி நிற்கிறது. 2021 முதல் வருமான அடிப்படை உதவியில் கடனை எடுத்துவிட்டு முழுதும் மானியமாகவே தருகிறார்கள். சிறிய கல்லூரிகளில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. வெர்மான்டில் கிரீன் மவுன்டன் 2019இலும் மார்ல்பரோ 2020இலும், நியூயார்க் மாநிலத்தில் வெல்ஸ் 2024இலும் மூடப்பட்டன. பாதிப் படிப்பில் பிள்ளை வேறு கல்லூரி தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

சொந்தக்காரர்கள் யாரும் கிரினல் என்ற பெயரையே கேட்டதில்லை. எனக்கும் அது உறுத்தியது. ஆனால் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப எத்தனை பேர் பின்னாளில் முனைவர் பட்டம் பெறுகிறார்கள் என்று பார்த்தால் கார்ல்டனும் கிரினலும் நாட்டின் முன்வரிசையில் இருக்கின்றன. மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் போதும். படிப்பு முடிந்ததும் நேராக வேலைக்குப் போனால் எப்படி என்பதை, மகள் முதல் வருடம் மட்டுமே முடித்திருக்கும்போது நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

எந்தக் கல்லூரியில் சேர்வது என்று உறுதி சொல்லக் கடைசித் தேதி பெரும்பாலும் மே 1. கடிதங்கள் வந்ததும் தொகை போதவில்லை என்றால் உதவித்தொகை அலுவலகத்துக்கு மரியாதையாக எழுதி, மருத்துவச் செலவோ வேலை இழப்போ இருந்தால் ஆவணத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள். அதனால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டால் பதில் வரவும் யோசிக்கவும் நேரம் இருக்கும்.