மெத்தில்ஃபெனிடேட்: சில ஆண்டுகள் எடுத்ததும், நிறுத்தி ஓராண்டுக்கு மேல் ஆனதும்

உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவருக்கு, நாற்பதை நெருங்கும் வயதில், ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு இருப்பதை மனநல மருத்துவர் உறுதிசெய்து மெத்தில்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்திருக்கிறார். "நீங்க அதைச் சாப்பிட்டவர்தானுங்களே, எப்படி இருக்குமுங்க, அப்புறம் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். மெத்தில்ஃபெனிடேட், சிதறும் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த உதவும் மருந்து. நான் எடுத்தது மெதுவாகக் கரையும் 20 மில்லிகிராம் மாத்திரை, காலை உணவுக்குப் பின் ஒன்று. மருத்துவர் சொன்னபடியே எடுத்தேன். மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்தினேன்.

முதலில் மருந்துக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் எனக்கு வேலை. வங்கிக் கணக்கு விவரத்தையும் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவதுதான் அன்றாடப் பணி. மாத்திரை எடுப்பதற்கு முன்பு, ஒரு பக்கத்தின் நடுவில் கண் நின்றிருக்கும்; மனம் வேறெங்கோ போய்த் திரும்பும்போது எந்த வரியில் நின்றோம் என்றே தெரியாது. மாத்திரை எடுக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அது நின்றது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமைனும் நார்அட்ரினலினும் நரம்பணுக்களுக்குள் மீண்டும் உறிஞ்சப்படுவதை இந்த மருந்து தடுக்கிறது; அவை கூடுதல் நேரம் செயல்படுவதால் கையிலிருக்கும் வேலை, செய்யத் தகுந்த வேலையாகத் தோன்றத் தொடங்குகிறது. சுறுசுறுப்பாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன், அமைதியாக இருந்தது. ஒரு பக்கத்தை ஒருமுறை படித்தால் போதும் என்ற நிலை பிறருக்கு இயல்பாக இருக்கலாம், எனக்கு அது நடுவயதில் கிடைத்த பெரும்பேறு. அதைத் தந்த மருந்தை நான் ஒருபோதும் பழிக்கமாட்டேன்.

ஆனால் பசி போயிற்று. பசி குறைந்தது என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள் சொல்கிறது. எனக்கு நடந்தது அதைவிடப் பெரியது. மதியம் டப்பாவைத் திறந்தால் உள்ளே அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய் உருகி நிற்கும், சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்த மணம் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். எனக்கு அந்த மணம் தெரியும். ஆனால் அது என்னை அழைக்காது. வாயில் ஈரம் இல்லாததால் நாலு வாய்க்கு ஒருமுறை தண்ணீர் குடித்துச் சோற்றை உள்ளே தள்ள வேண்டும். பாதிக்கு மேல் இறங்காது. "ஏனுங்க, இன்னைக்கும் பாதி அப்படியே திரும்பி வந்திருக்குது, சமையல் புடிக்கலீங்களா?" என்று மனைவி கேட்கும்போது, பிடிக்காமல் இல்லை, உணவு என்ற எண்ணமே வரவில்லை என்பதை எப்படி விளக்குவதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன். சட்டைக் கழுத்து தளர்ந்தது, கைக்கடிகாரம் முழங்கைப் பக்கமாக நழுவியது, படியேறினால் மூச்சு வாங்கியது.

என் கோபம் மருந்தின் மீது இல்லை. 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாந்த்ரோ பானிஸோன் என்னும் வேதியியலாளர் உருவாக்கி, 1950களிலிருந்து கடைகளில் விற்கப்படும் மருந்து இது. பசியை அடக்கும், எடையைக் குறைக்கும், நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தும் என்பதெல்லாம் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்திகள். மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இம்மருந்தை எடுக்கும் பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும், நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இம்மருந்து இன்னும் தேவையா என்று பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. நான் தொடக்கத்தில் சென்றுவந்த தனியார் மருத்துவமனையில், ஆலோசனை அறையின் மூலையில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். நான் போன காலம் முழுவதும் அந்தக் கோப்புகளை யாரும் எடுத்து வைக்கவில்லை. "வேலை நன்றாக நடக்கிறதா?" என்று கேட்பார்கள், நடக்கிறது என்பேன், மருந்துச் சீட்டு கைக்கு வரும். பசிக்கிறதா என்ற ஒரு கேள்வி கேட்க எத்தனை வினாடி ஆகும்? இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மாலை நேரம் தனிக் கொடுமை. மருந்தின் வேகம் இறங்கும் ஐந்து மணி வாக்கில் காரணமில்லாத எரிச்சல் ஒன்று கிளம்பும். வீட்டில் குழந்தை பேசினால்கூடப் பொறுக்காது. இரவு பத்து மணிக்குமேல், பகலெல்லாம் அடங்கிக் கிடந்த பசி மொத்தமாக எழும். கண்டதையும் உண்டுவிட்டு, நெஞ்செரிச்சலோடு நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, விடிந்ததும் அந்தச் சோர்வைச் சமாளிக்க அதே மாத்திரையை விழுங்கும் சுழற்சியாகிவிட்டது வாழ்க்கை. மாத்திரை கிடைப்பதும் எளிதன்று. இந்தியாவில் இது, கடுங்கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸ்-இல் உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதற்கென உரிமம் பெற்ற கடைகளிலேயே கிடைக்கும். அந்தக் கட்டுப்பாடு சரியானதென்றே கருதுகிறேன்.

பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் செய்த முதல் காரியம் என்னை எடைக் கருவியில் ஏற்றியதுதான். இரண்டாவதாக ரத்த அழுத்தம் பார்த்தார். பழைய சட்டை அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், நிறுத்தியும் பார்க்கலாம், எதுவாயினும் அவருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்றார். இதை நண்பர் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் நிறுத்திய தொடக்க வாரங்கள் எனக்கு எளிதாக இல்லை. பகலிலும் உறக்கம் தள்ளியது, எதிலும் நாட்டமில்லை, மனம் மிகவும் தாழ்ந்து கிடந்தது. அப்படி நேரலாம் என்று முன்பே எச்சரித்திருந்ததாலும், வாரம் தவறாமல் அவர் விசாரித்ததாலும்தான் அதைக் கடந்தேன்.

அந்த வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள், மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும், ஒரு ரசீதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. நோய் என்றே முதலில் நினைத்தேன். சற்று நேரத்தில் காதடைத்தது, கை லேசாக நடுங்கியது, பிறகுதான் அது பசி என்று புலப்பட்டது. டப்பாவில் இருந்தது தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும். ஊறுகாயின் கசப்பும் புளிப்பும் நாக்கின் இரு ஓரங்களில் தனித்தனியே தெரிந்தன; கண்ணில் நீர் வந்துவிட்டது. நலம் என்பதை நான் அன்று உடலால் அறிந்தேன். உறக்கமும் எடையும் திரும்பியது மெல்ல, மாதக்கணக்கில்; மாலை எரிச்சல் மட்டும் சொல்லாமல் மறைந்துவிட்டது. இப்போதும் மதியம் பசி எடுக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அது வாடிக்கையாகிவிடும் என்று சொன்னார்கள், இன்னும் ஆகவில்லை.

கவனம் திரும்பவில்லை. இதை மறைத்து எழுதினால் நண்பருக்குத் துரோகம் செய்தவனாவேன். பக்கத்தின் நடுவில் மனம் மறுபடியும் போய்விடுகிறது. உளவியல் ஆலோசகரிடம் கற்ற முறையில் வேலையைச் சிறு துண்டுகளாக்கிக்கொள்கிறேன், வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படிக்கிறேன், காலை நடைப்பயிற்சியை விடுவதில்லை, ஒரு சக ஊழியர் எதிரில் அமர்ந்திருக்கும்படி மேசையை மாற்றிக்கொண்டேன். இவையெல்லாம் சேர்ந்தும் மாத்திரை செய்ததில் பாதியைச் செய்யவில்லை. எடுத்துக்கொள்ளும் கோப்புகள் குறைந்தன, வருமானமும் குறைந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: தொடங்குங்கள். என் உடலுக்கு ஒத்துவராதது உங்கள் உடலுக்கு ஒத்துவரலாம், இதனால் வாழ்க்கையை மீட்டெடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தொடங்கும் முன்பே எடை, நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் அவற்றைப் பார்க்காத மருத்துவரை மாற்றிவிடுங்கள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மாத்திரைக்கு முன் நிறைவாகச் சாப்பிடுங்கள்.

வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு நெருங்கும்போது, அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் குறைந்த அளவில் மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று சென்ற ஆண்டு என் மருத்துவரே கேட்டார். மருந்தைப் பற்றி மேலே நான் எழுதிய புகழ்ச்சி ஒவ்வொன்றும் உண்மை. அவர் கேட்டதும் நியாயமான யோசனைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஆண்டு கேட்டாலும் அதையே சொல்வேன்.