கூரையில் சுழல்கிறது என்று மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

மதுரையைச் சுற்றி வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். கொட்டகைக்குக் காற்றோட்டம் செய்து தருகிறேன் என்று யார் வந்தாலும், மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் உள்ளே போய் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நாங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம். கொல்லையில் சிறுவிடைக் கோழிகள் இருக்கின்றன. கொட்டகை மாமனார் காலத்தில் ஆடுகளுக்காகப் போட்டது. கூரையும் தகரம், மூன்று பக்கமும் தகரம், முன்பக்கம் மட்டும் கம்பி வலை. பங்குனி பிறந்தாலே உள்ளே கால் வைக்க முடியாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரிக்கு மேல். வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். அப்படி இரைத்துக்கொண்டே இருந்தால் முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் குறைந்துபோகிறது. எங்கள் கோழிகள் இட்ட முட்டைகள் கையில் எடுத்தாலே நொறுங்க ஆரம்பித்தபோதுதான் ஆள் தேடினோம்.

புறநகரில் கோழிப்பண்ணைச் சாமான்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். கூரைமேல் காற்றில் சுழன்று உள்ளேயிருக்கும் சூடான காற்றை வெளியே இழுக்கும் டர்போ வென்டிலேட்டர் ஒன்று, உள்ளே புகைபோல் நீர் தெளிக்கும் ஃபாகர் குழாய்கள், கூலியோடு சேர்த்து 18,500 ரூபாய் என்றார். “இதை மாட்டிய பிறகு பாருங்கள் அக்கா, உள்ளே கொடைக்கானலாகிவிடும்” என்றார். பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் வயலில் இருந்த நேரத்தில் ஆட்கள் வந்து வேலையை முடித்தார்கள். மாலையில் வந்து பார்த்தால் கூரையில் வெள்ளி உருண்டை ஜோராகச் சுழன்றுகொண்டிருந்தது. மீதியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கத்திரி வெயிலில் இலை அசையாத ஒரு மதியம், ஃபாகரும் ஓடிக்கொண்டிருந்த வேளையில், நல்ல முட்டைக் கோழிகளாகப் பார்த்துச் சுருண்டு விழுந்தன. இறக்கையை அகல விரித்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடியே கிடந்தன. கடைக்காரருக்குப் போன் செய்தால், வெள்ளைக்கழிச்சல் வந்திருக்கும், தடுப்பூசி போடாதது உங்கள் தவறு என்று அடித்துச் சொன்னார். தடுப்பூசி நாள் தவறாமல் போட்டிருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கே போனேன். மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, கொட்டகையைப் பற்றித்தான் கேள்விமேல் கேள்வி கேட்டார். “நோய் எதுவும் தெரியவில்லை அம்மா. புழுக்கம்தான் கொன்றிருக்கிறது” என்றார். காற்று வெளியேற வழியில்லாத இடத்தில் நீரைத் தெளித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரக்காற்றில் கோழி எவ்வளவு இரைத்தாலும் உடம்புச் சூடு இறங்காது என்பதை அவர்தான் விளக்கினார்.

மேலேதான் வென்டிலேட்டர் இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். ஊரிலிருந்த வெல்டர் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் கொட்டகைக்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, “வெளிச்சமே வரவில்லையே அக்கா” என்றார். நானும் பார்த்தேன். உருண்டைக்கு நேர் கீழே தகரம் முழுசாக இருந்தது. திருகாணி முனைகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. கூரையை வெட்டவே இல்லை. அடித்தட்டைத் தகரத்தின்மேல் வைத்துத் திருகி, சுற்றிலும் பசை பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளிக்காற்றில் அது சும்மா சுழன்றிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூட அதன் வழியாகப் போனதில்லை. ஓட்டை போட்டால் மழைநீர் ஒழுகும், பிறகு யார் வந்து பார்ப்பது என்று விட்டிருப்பார்கள் போலும். தெரிந்தே செய்த ஏமாற்று வேலை இது. உயிர்கள் அதன் கீழே நிற்கின்றன என்று ஒரு நிமிடமாவது நினைத்திருந்தால் இதைச் செய்ய மனம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டை போட்டிருந்தாலும் எங்கள் கொட்டகைக்கு அது போதாது. சூடான காற்று மேலே போக வேண்டுமானால் கீழே குளிர்ந்த காற்று தாராளமாக நுழைய வேண்டும். மூன்று பக்கம் தகரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கூரையில் மட்டும் எதையாவது மாட்டச் சொல்பவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார்.

வெல்டர் தம்பி நீளவாட்டுச் சுவர்கள் இரண்டிலும் முழங்கால் உயரத்துக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றிவிட்டு, கீரி நுழையாத சிறுகண் வெல்டு வலை அடித்தார். முகட்டில் நீளமாக இடைவெளி விட்டு, அதன்மேல் சாரல் இறங்காதபடி சிறு தொப்பிக் கூரை போட்டார். அந்த டர்போ உருண்டையைக் கழற்றிவிட்டார். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். மழை நாளில் இறக்கிவிடச் சாக்குத் திரை. எல்லாம் சேர்த்து அந்தக் கடைக்காரர் வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை. இப்போது கோழிகள் மதியத்திலும் வாயை மூடி நிற்கின்றன. காலையில் கதவைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும் இல்லை.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். ரசீதும் தரவில்லை, துண்டுச் சீட்டில் எழுதிய மதிப்பீடு மட்டும்தான். ஆனால் ரசீது தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வெட்டாத தகரத்தைக் கீழிருந்து எடுத்த படங்கள், பணம் அனுப்பிய பதிவு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றையும் சேர்த்து மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் மதுரைக்குப் போய் ஆணையத்தில் கொடுக்கப் போகிறேன்.