பிடிக்குள் இருந்தது போல்ட்டுக் கம்பி: 'ஃபுல் டேங்' கத்தி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

தாண்டிக்குடிப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்ட வேலைக்கென்று இணைய வணிகத் தளம் ஒன்றில் 3,450 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கத்தி, ஐந்தாவது மாதத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது பிடி வேறு அலகு வேறாகப் பிரிந்தது. அலகு என் கம்பூட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் இந்தப் பதிவை மருத்துவமனையிலிருந்துதான் எழுதியிருப்பேன்.

கத்திக்குப் புதியவன் அல்ல நான். ஸ்வீடனில் மோரா என்னும் ஊரில் செய்த கார்பன் எஃகுக் கத்தி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன். நான்கு அங்குல அலகு. மிளகுக் கொடி கட்டும் கயிற்றை அறுப்பதிலிருந்து பலாக்காயைக் கீறுவது வரை எல்லாவற்றையும் அதுவே செய்திருக்கிறது. காப்பிப் பழச் சாறும் பலாப் பாலும் பட்டுப் பட்டு அலகு முழுவதும் கரும்சாம்பல் நிறமாகிவிட்டது. சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து அகலமும் ஓரளவு குறைந்திருக்கிறது. மழைக்காலத்தில் இரவு துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ மறந்தால் காலையில் துருப் புள்ளி தெரியும். அதைத் தவிர அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இத்தனைக்கும் அது 'ஃபுல் டேங்' கத்தி அல்ல. அதாவது, அலகின் வால் (பிடிக்குள் நுழையும் எஃகுப் பகுதி) பிடியின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. அதைச் செய்தவர்களும் அப்படிச் சொல்லி விற்கவில்லை.

ஆனால் மூங்கிலைப் பிளக்கவும், அடுப்புக்குச் சில்வர் ஓக் கட்டையைச் சிறு விறகாக்கவும் அந்த மெல்லிய அலகு ஏற்றதல்ல. கத்தியைக் கட்டையின்மேல் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்கும் வேலைக்குக் கனத்த அலகு வேண்டும். அலகும் வாலும் ஒரே பட்டையாகப் பிடியின் கடைசி வரை போகவும் வேண்டும். அதைத் தேடியபோதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு அங்குல அலகு, நாலரை மில்லிமீட்டர் கனம், டி2 எஃகு, ஃபுல் டேங், ஆயுள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தார்கள். படத்தில் பிடியின் இரு பலகைகளுக்கு நடுவே எஃகுக் கோடு தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு படத்தில் அதே கத்தி ஒரு கட்டையில் பாதி இறங்கி நின்றது.

வந்த கத்தியில் பலகைகள் இல்லை. பிடியைச் சுற்றிலும் கறுப்பு ரப்பர் வார்த்திருந்தது. பக்கத்துக்கு மூன்று பித்தளை ஆணித் தலைகள் மின்னின. விற்பனையாளரிடம் கேட்டதற்குப் புது மாடல் என்றும், மழையில் வழுக்காமலிருக்க ரப்பர் போட்டிருப்பதாகவும், உள்ளே அதே டேங்தான் என்றும் பதில் வந்தது. நான் நம்பினேன். படத்தில் இருந்தது வேறு, கையில் இருப்பது வேறு என்று கண்ணால் பார்த்த பிறகும் திருப்பி அனுப்பாமல் விட்டது என் தவறுதான். திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாட்களும் மழையோடு மழையாகக் கழிந்தன.

முதல் மாதத்திலேயே ஓர் அறிகுறி தெரிந்தது. காய்ந்த மூங்கிலின் கணுவில் வெட்டியபோது அலகின் வாய் ஓரிடத்தில் மடங்கிவிட்டது. டி2 என்பது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கார்பனும் பன்னிரண்டு விழுக்காடு குரோமியமும் கொண்ட, அச்சுக் கருவிகள் செய்யப் பயன்படும் எஃகு. அதைச் சரியாகத் தோய்ச்சல் போட்டிருந்தால் (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கியிருந்தால்), மிஞ்சிப்போனால் வாயில் சிறு சில்லு பெயருமே தவிர, தகரத்தைப் போல மடங்காது. நானோ சாணை பிடித்த கோணம் தவறிவிட்டதோ என்று என்னையே நொந்துகொண்டு மறுபடியும் தீட்டினேன்.

உடைந்த அன்று, பிடியின் ரப்பரைச் சவர பிளேடால் கீறிப் பிரித்துப் பார்த்தேன். அலகின் வால் பிடிக்குள் கட்டைவிரல் நக அளவே நுழைந்திருந்தது. அதன் முனையில் ஆறு மில்லிமீட்டர் மரைக் கம்பி ஒன்றை, அதாவது தலை வெட்டிய சாதாரண போல்ட்டை, வெல்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். கம்பியின் நீளம் ஒரு சுண்டுவிரல்கூட வராது, மீதியெல்லாம் ரப்பர். பித்தளை ஆணிகள் எதையும் துளைத்துச் செல்லவில்லை, வெறும் தலைகளை ரப்பரில் பதித்திருந்தார்கள். வெல்டு முறிந்த முகத்தில் பாதி பளிச்சென்ற சாம்பல் நிறமாகவும் மறுபாதி துருவேறிப் பழுப்பாகவும் இருந்தது. அந்தப் பழுப்புப் பாதி அன்று முறிந்ததன்று. எத்தனையோ நாளுக்கு முன்பே விரிசல் விட்டு ஈரம் புகுந்திருக்கிறது. விரிசல் விட்ட கத்தியைத்தான் நான் தினமும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அரிவாள் அடித்துக் கொடுக்கும் ஆசாரியிடம் துண்டுகளைக் கொண்டுபோனேன். அவர் அலகின் வாயில் அரத்தை ஒரு முறை இழுத்தார். அரம் பிடித்து இரும்புப் பொடி உதிர்ந்தது. நன்றாகத் தோய்ச்சல் ஏறிய எஃகில் அரம் பிடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கும். "இதைத் தோய்ச்சல் போட்டதாவே தெரியலையே தம்பி, இதை வெச்சு வாழைத்தார் வெட்டலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

விற்பனையாளரின் பதில்தான் இன்னும் வயிற்றெரிச்சல். கத்தியை அடித்து விறகு பிளப்பது தவறான பயன்பாடு என்றும், அதற்கு ஆயுள் உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதினார்கள். உங்கள் விளம்பரப் படத்திலேயே கத்தி கட்டையில் இறங்கி நிற்கிறதே என்று எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இல்லை. பில்லில் பொருளின் பெயரோடு 'ஃபுல் டேங், டி2' என்று அச்சாகியிருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் அனுப்பினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தெரிவித்தார்கள், தீர்க்கவில்லை. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன் பின்னர் முதலில் அதே மாடல் கத்தி இன்னொன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள் (அதை வாங்கி மற்றொரு காலையும் பணயம் வைக்கச் சொல்கிறார்கள் போலும்); நான் மறுத்ததால் 41ஆவது நாளில் பணம் திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இந்த மோசடி நடப்பதே அந்த ஏழு நாட்களை நம்பித்தான். கத்தியின் குறை உழைப்பில்தான் வெளிப்படும். உழைத்த கத்தியையோ திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆகவே அலகில் ஒரு கீறலும் விழாமல், பெட்டி பிரித்த அன்றே சோதிக்க வேண்டும். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைப் பிடியின்மேல் தலையிலிருந்து கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். வால் முழுவதும் ஓடினால் இழுப்பு கடைசி வரை இருக்கும். என்னுடைய உடைந்த பிடியில் பாதி தூரம்கூட இல்லை. அடுத்தது எடை. கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.85 கிராம் எடை இருக்கும். 12 சென்டிமீட்டர் நீளம், 2.4 சென்டிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் கனம் கொண்ட வால் மட்டுமே 100 கிராம் வர வேண்டும். அலகு ஏறத்தாழ 130 கிராம். இவற்றின்மேல் பிடியின் எடை வேறு. என் கத்தியின் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் வைத்தேன்; 190 கிராம்தான் காட்டியது. வாங்கிய அன்றே அந்தத் தராசில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. விளம்பரப் பக்கத்தைப் படங்களோடு முழுமையாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

நேற்று இரவு அதே தளத்தில் தேடினேன். விற்பனையாளரின் பெயர் மாறியிருக்கிறது, விலை 3,890 ரூபாய் ஆகியிருக்கிறது. கறுப்பு ரப்பர் பிடியும் அந்த மூன்று பித்தளை ஆணிகளும் அப்படியே இருக்கின்றன.