ஹட்டனில் ஒரு வயரிங் கடை

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா பக்கம் போகும் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு வண்டி நிற்கத்தான் இடம், போர்டில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. ஆனால் காரில் கரண்ட் கோளாறு என்றால் நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பது இந்தக் கடைக்குத்தான்.

என் வண்டியின் வியாதி இது. பனி மூடிய காலையில் ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஏபிஎஸ் (பிரேக்), பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை லைட் எல்லாம் ஒன்றாக எரியும், வெயில் ஏறியபின் ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே இருக்காது. பெரிய கராஜ் ஒன்றில் ஸ்கேன் போட்டுவிட்டு, ஏபிஎஸ் மொடியூல் (அதை இயக்கும் எலக்ட்ரோனிக் பெட்டி) போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளிலிருந்து பழசு ஒன்று எடுத்துத் தருகிறோம் என்றார்கள். வோல்டேஜ் விழுந்தாலும் மொடியூல்கள் இப்படித்தான் பழுதுக் கோட் போடும், அதை யார் பார்க்கிறார்கள்?

இங்கே கடைக்கார பாஸ் முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பெட்டரி மைனஸிலும் மற்றதை வண்டியின் இரும்பு பொடியிலும் வைத்து, ஹெட்லைட், ஹீட்டர் எல்லாம் போடச் சொல்லி, "தம்பி, இப்ப ஸ்டீயரிங்க திருப்புங்க" என்றார். 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 0.9 காட்டியது. மைனஸை பொடியோடு இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றினால் அதன் முனை லக்கின் அடியில் பச்சைக் களிம்பு. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் இழுக்கும் கரண்ட் முழுக்கத் திரும்பி வரும் வழி அதுதான். சுரண்டி, புதுக் கேபிள் போட்டு, கிரீஸ் பூசினார், அதோடு லைட் எரிவது நின்றது.

இரவில் பெட்டரி இறங்குவதையும் சொல்லி வைத்தேன். கதவைத் திறந்தே வைத்து, பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, வண்டியை 'கதவு மூடியாச்சு' என்று நம்பவைத்தார், ரசித்துப் பார்த்தேன். மொடியூல்கள் தூங்கும்வரை அரை மணிக்கு மேல் காத்திருந்து, ஃபியூஸ்களைப் பிடுங்காமல் (பிடுங்கிப் போட்டால் மறுபடி விழித்துக்கொள்ளுமாம்) ஒவ்வொன்றின் மேலும் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனார், கரண்ட் ஓடும் ஃபியூஸில்தான் அது காட்டும். நிறுத்திய வண்டி இழுக்கும் கரண்ட் 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும், அதை 300க்கு மேல் ஏற்றிவைத்திருந்தது, சாவியை மூடினாலும் கரண்ட் போகும்படி யாரோ நேரடியாகக் கொடுத்திருந்த டேஷ்கேம் வயர்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, திறந்தும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அதனால் பழைய ஜப்பான் வண்டிகளைத்தான் கினிகத்தேனை மழையிலும் நுவரெலியா பனியிலும் ஓட்டுகிறோம். இஞ்சின் தாங்குகிறது, எர்த்தும் கனெக்டரும்தான் தாங்குவதில்லை. அதற்கு மொடியூல் மாற்றுகிறவர் வேண்டாம், மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் போதும்.

குறையும் உண்டு. போன் எடுக்க மாட்டார், பில் கிடையாது, உட்கார இடமில்லை, மழை வந்தால் பக்கத்து டீக்கடைதான் கதி. கூலி நியாயம், அந்த மொடியூலுக்குக் கேட்ட அட்வான்ஸைவிடக் குறைவு.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 12 வோல்ட் பக்கம் மட்டும்தான் பார்ப்பார், ஹை வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லி, கண்டிக்கு அனுப்பிவிடுவார்.