மெல்க் மடாலய வெள்ளிக் காசு: ப்ரூஃப் வாங்கலாமா, சாதாவே போதுமா?

ரெண்டையும் வாங்கிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன், சாதாவே போதும்.

ஆஸ்திரியாக்காரங்க 2006லேருந்து 2008 வரைக்கும் பெரிய மடாலயங்கள் பேர்ல வருஷத்துக்கு ரெண்டுன்னு ஆறு 10 யூரோ வெள்ளிக் காசு விட்டாங்க. அதுல ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் பெனடிக்டைன் மடங்கள்தான், நம்ம ஊர்ல ஆசீர்வாதப்பர் சபைன்னு சொல்வாங்களே, அது. எனக்குப் புடிச்சது 2007ல வந்த மெல்க். வியன்னாவுலேருந்து ரயில்ல ஒரு மணி நேரம் போனா டான்யூப் ஆத்துப் பக்கத்துல பாறை மேல அந்த மடம் மஞ்சளா நிக்கும். 1089லேருந்தே அங்க துறவிகள் இருக்காங்க, இப்ப நாம பார்க்குற கட்டடம் 1702ல யாக்கோப் ப்ராண்ட்டாவர்னு ஒரு கட்டடக் கலைஞர் ஆரம்பிச்சது.

காசு மூணு தரத்துல வந்துச்சு. ப்ரூஃப்னா சேகரிக்கிறவங்களுக்குன்னே கண்ணாடி மாதிரி பளபளன்னு அடிக்கிறது, கேப்சூல், பெட்டி, சர்டிஃபிகேட் எல்லாம் உண்டு. சாதா அப்போ 10 யூரோ கொடுத்தாலே கிடைச்சது. நடுவுல ‘ஹாண்ட்கெஹோபன்’னு ஒண்ணு (ஜெர்மன்ல ‘கையால எடுத்தது’ன்னு அர்த்தம்), அட்டை பேக்ல வரும். எடை மூணுக்கும் ஒண்ணுதான், 17.3 கிராம், 925 வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி 16 கிராம்.

அழகுல ப்ரூஃப்தான், அதுல பேச்சே இல்ல. பின்னணி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்க, அந்த ரெட்டை கோபுரமும் குவிமாடமும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா எழும்பி நிக்கும்.

பிரச்சனையே பராமரிப்புலதான். போன வருஷம் அம்மா வந்திருந்தாங்க, ஷெல்ஃப்ல இருந்த பெட்டியைத் திறந்து பார்த்திருக்காங்க, ஓரத்துல லேசா பழுப்பு ஏறியிருந்துச்சு, வெள்ளி கறுத்துட்டா நம்ம வீட்டுல என்ன பண்ணுவோம், விபூதி போட்டுத் தேய்ப்போம்ல, அதையே பண்ணிட்டாங்க, நான் ஆஃபீஸ்லேருந்து வந்ததும் "பாருடா, எப்படி மின்னுது"ன்னு பெருமையா வேற காட்டுனாங்க. லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தா கண்ணாடிப் பரப்பு முழுக்க முடி மாதிரி கீறல். அது இனிமே போகாது. அவங்களைத் திட்டவும் முடியல, ஏன்னா எங்க வீட்டு குங்குமச் சிமிழ் முப்பது வருஷமா அப்படித்தான் பளபளன்னு இருக்கு.

சாதாக் காசையும் அதே நாள் தேய்ச்சிருக்காங்க, அதுல லென்ஸ் வச்சாத்தான் தெரியுது. அது போக என் பையன் அதைத் தரையில பம்பரம் மாதிரி சுத்தி விடுவான், நானும் பர்ஸ்ல போட்டுக்கிட்டுச் சுத்தியிருக்கேன். கறுத்தாக்கூட பழைய காசு லுக் வந்து நல்லாத்தான் இருக்கு, ப்ரூஃப்ல அதே கறுப்பு கறை மாதிரி அசிங்கமா தெரியும்.

அப்புறம் ரெண்டையும் ஒரு காசுக் கடையில காட்டினேன். கடைக்காரர் ப்ரூஃபை ஒரு தடவை சாய்ச்சுப் பார்த்தார், ஒண்ணும் பேசல, நேரா தராசுல வச்சுட்டார். ரெண்டுக்கும் ஒரே விலை, வெள்ளி விலை மட்டும். ப்ரூஃபுக்கு நான் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கொடுத்திருந்தேன்.

கீறல் இல்லாம, பெட்டி சர்டிஃபிகேட்டோட கொண்டு போயிருந்தா கூடக் கொடுத்திருப்பாரோ என்னவோ, அப்படி ஒண்ணை நான் வித்ததில்ல. ஆனா சாதாவுல இந்தக் கவலையே இல்ல. காசு வந்த புதுசுல உள்ள இருக்குற வெள்ளியோட மதிப்பு 10 யூரோவை விடக் கம்மி, அதனால வெள்ளி விலை விழுந்தாலும் முகமதிப்பு தாங்கும். இப்போ வெள்ளி ஏறி அதைத் தாண்டிடுச்சு, அதனால பேங்க்ல கொடுத்து 10 யூரோ வாங்கிடாதீங்க. ஆஸ்திரியாவுக்கு வெளியில இது செல்லவும் செல்லாது, ஜெர்மனி கடையில நீட்டினா திருப்பித் தந்துடுவாங்க.

யாருக்காவது கிஃப்ட் கொடுக்கணும், அவங்க பெட்டியைத் திறக்கவே மாட்டாங்கன்னா ப்ரூஃப் வாங்குங்க. ஹாண்ட்கெஹோபன் நான் கையில வச்சே பார்த்ததில்ல, அதனால அதைப் பத்தி எதுவும் சொல்லல.