இரண்டாயிரம் ரூபாய், ஐந்து வாசகர்கள், ஒரு பென்டிரைவ்

ஜூலையில் கோவை கொடிசியா, ஆகஸ்டில் ஈரோடு. பெருந்துறைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இரண்டு புத்தகத் திருவிழாவும் ஒரு பஸ் தூரம்தான். தூரம் பிரச்சினை இல்லை, பட்ஜெட்தான் பிரச்சினை. வருஷத்துக்கு 2,000 ரூபாய் என்று வீட்டில் ஒதுக்கியிருக்கிறோம். கேட்பவர்கள் ஐந்து பேர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். அண்ணன் சென்னிமலையில் தறி ஓட்டுகிறார். அம்மிச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, எண்பது தாண்டிவிட்டது. தங்கச்சி மகள் கோவையில் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள். ஐந்தாவது நான். ஒருவர் படிப்பதை இன்னொருவர் தொட மாட்டார். பத்து சதவீதம் தள்ளுபடி போனாலும், ஆளுக்கொரு தடித்த புத்தகம் எடுத்தால் பணம் பத்தாது.

அதனால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு புத்தகங்களை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன். எது சிறந்தது என்பது என் கேள்வி இல்லை. எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதுதான். நாட்டுடைமை ஆனவை, எழுதியவரே இணையத்தில் போட்டுவைத்தவை, தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து ஏற்றியவை எல்லாம் பென்டிரைவுக்குப் போகட்டும். காசு மற்றவற்றுக்கு. வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிற பிடிஎஃப்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தை அப்படி வாங்கிப் படித்துவிட்டு, தமிழில் யாரும் எழுதுவதில்லை என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

நாவல்: தங்கச்சி மகளுக்கு

ஒரு பக்கம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942இல் வந்தது. மறுபக்கம் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, 2013. இரண்டும் நம் மண்ணில் நடக்கிற கதை. இரண்டிலும் ஒரு பெண், அவளைச் சுற்றி ஒரு ஊர்.

‘பூக்குழி’யில் சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன், சாதி மாறிக் கட்டிக்கொண்ட சரோஜாவைத் தன் ஊருக்கே கூட்டி வருகிறான். முதல் பக்கத்திலேயே வெயில் சுடும், அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சு சுடும். வேகமாகப் படிக்க முடிகிற நாவல். ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. அதனாலேயே அது கல்லூரி நூலகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

‘நாகம்மாள்’ அளவில் சின்னது, ஆனால் நிதானமாகத்தான் படிக்க முடியும். புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தனிடம் காட்டில், அதாவது விவசாய நிலத்தில், பங்கு கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. இந்த ‘அவ்வளவுதான்’ அந்தக் காலத்தில் என்ன எடை என்பது சட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். கைம்பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. ஆனால் மாகாணங்களில் இருக்கும் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல். இடையில் 1942இல் வந்த இந்த நாவலில் ஒருத்தி கேட்பது நகையோ பணமோ இல்லை, நிலம். ஊரே அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவது ஏன் என்று விளங்குகிறதா?

தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தப்பட்டது 1989இல். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பத்திர ஆபீசுக்குத் தங்கச்சிமார்களைக் கூட்டிப்போய், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நின்றுவிடவில்லை. பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு நான் காசு கொடுத்து வாங்கித் தருவது ‘நாகம்மாள்’தான். பேச்சு வழக்கு புரியுமா என்று அவளே சந்தேகப்பட்டாள். “புரியாம என்ன மாமா, அம்மிச்சி பேசறதாட்டவே இருக்குது” என்று இரண்டாம் நாள் போனில் சொன்னாள். ‘பூக்குழி’யை நூலகத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

திருப்பூர் இரண்டு

எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’, சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’. இரண்டுக்கும் களம் திருப்பூர். ஒன்று கம்பெனிக்கு உள்ளே இருந்து பார்க்கிறது, இன்னொன்று கம்பெனியிலிருந்து வெளியேறுகிற தண்ணீரோடு போகிறது.

‘மணல்கடிகை’ தடிமனான நாவல். ஐந்து நண்பர்கள் பனியன் தொழிலுக்குள் நுழைந்து, ஏறி, சறுக்கி, ஒருவரையொருவர் விட்டு விலகிப் போவதைச் சொல்கிறது. டெலிவரி தேதியும் ஷிப்மென்ட்டும் ஒரு மனுஷனின் ராத்திரித் தூக்கத்தை எப்படித் தின்னும் என்பதை இதைவிட விரிவாக எழுதிய தமிழ் நாவலை நான் பார்த்ததில்லை. “நான் பாக்காததையா எழுதியிருக்கப் போறாங்க?” என்றுதான் அப்பா ஆரம்பித்தார். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றவருக்குத் தடிமன் ஒரு குறையே இல்லை.

‘சாயத்திரை’ அதைவிடச் சிறிசு. சாயத்தண்ணீரால் ஊரும் உடம்பும் கெடுவதுதான் அதன் பொருள். சென்னிமலைக்கு அருகே நொய்யலில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு என்று வந்து சாயக்கழிவுத் தொட்டியாகப் போன கதை அண்ணனுக்குக் கண்ணெதிரே நடந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அவருடைய தறிக்கு நூல் வருவதே இழுபறியாக இருந்தது. நாவலாக ஒப்பிட்டால் ‘மணல்கடிகை’தான் உசத்தி. ‘சாயத்திரை’யில் சொல்ல வந்த விஷயம் கதையை முந்திக்கொண்டு ஓடும் இடங்கள் உண்டு. ஆனாலும் அண்ணனுக்கு இதுதான் சரி. தறிக்காரருக்குப் பகலில் நேரம் இல்லை, ராத்திரிக்கு இருபது பக்கம்தான் ஓடும்.

ஒரே பேர், இரண்டு வரலாறு

எனக்கு வரலாறு. கடையில் ‘கொங்கு நாட்டு வரலாறு’ என்று கேட்டால் போதாது, ஆசிரியர் பெயரையும் சொல்ல வேண்டும். கோவைக்கிழார் என்று அறியப்பட்ட சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் எழுதியது ஒன்று, மயிலை சீனி. வேங்கடசாமி எழுதியது இன்னொன்று. மயிலையாருடையது கி.பி. 250 வரைக்குமான பழங்காலத்தோடு நின்றுவிடும். பதிற்றுப்பத்தையும் புறநானூற்றையும் வரிவரியாகப் பிரித்து, எந்த அரசன் எங்கே ஆண்டான் என்று வக்கீல் மாதிரி வாதாடுவார். செட்டியாருடையது பல காலங்களையும் தொட்டுப் போகிறது. ஊர்ப்பெயர், கோயில், நிர்வாகம் என்று தேடி எடுக்க அது வசதி.

மயிலையாரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன, ஆகவே பென்டிரைவ். ஒரு எச்சரிக்கை: அவர் எழுதியது 1970களில். கொடுமணலில் முறையான அகழாய்வு நடந்தது 1980களிலிருந்துதான். பதிற்றுப்பத்து 67ஆம், 74ஆம் பாட்டுகளில் வரும் கொடுமணம், சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கல்மணி பட்டை தீட்டி, இரும்பு உருக்கிய ஊரான இந்தக் கொடுமணல்தான் என்று மண்ணைத் தோண்டிக் கண்ட செய்தி அவர் புத்தகத்தில் இருக்க முடியாது. அதற்குத் தனியாக அகழாய்வு அறிக்கை படிக்க வேண்டும்.

காடு

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’, டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிய கதை. காட்டில் குடித்துவிட்டு உடைத்துப் போடுகிற பீர் பாட்டில் யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்ற பகுதியைப் படித்தவர்கள் வால்பாறைக்குப் போகும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். ஆசிரியரின் இணையதளத்திலேயே இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை. எதிரே, தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’, காட்டுயிர்க் கட்டுரைகள். உணர்ச்சியில் கதை ஜெயிக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் புரட்டப்போவது கட்டுரைப் புத்தகம். இதற்குக் காசு.

துப்பறியும் கதைக்கு ஒப்பீடே வேண்டாம். கோவைக்காரர் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறார். உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒன்றை எடுத்தால் ஈரோடு போய்ச் சேர்வதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும்.

அம்மிச்சிக்கு எழுத்தா, குரலா?

எங்கள் பக்கம் உடுக்கடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதை. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’ அச்சில் உண்டு. வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். “பொடி எழுத்து எறும்பு ஊர்றதாட்டம் இருக்குது சாமி. உடுக்கச் சத்தம் இல்லாம அது என்ன கதை?” என்றார். பேச்சு முடிந்தது.

அவர் சொல்வதும் நியாயம்தான். இது பாடிக் கேட்கிற கதை. 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இதைப் பதிவு செய்தபோதும் பாட்டு ஒரு இரவில் முடியவில்லை, பல இரவுகள் ஓடியது. எங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கடிப் பாட்டு நடந்தபோது பாடியவரிடம் சம்மதம் கேட்டுச் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அம்மிச்சிக்கு அதுதான் புத்தகம். டி.வி.யில் பென்டிரைவைச் சொருகினால் படுக்கையிலிருந்தே கேட்பார்.

பெ. தூரன் தலைமையில் பத்துத் தொகுதியாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும் (1954–1968) பென்டிரைவுக்குத்தான் போகிறது. மொடக்குறிச்சி பக்கத்துக்காரர். தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கின்றன. ஸ்கேன் பக்கங்கள் என்பதால் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரல் தேயும், கம்ப்யூட்டரில்தான் படிக்க வேண்டும்.

கடைசியாகப் பென்டிரைவ்

இத்தனையும் இந்தச் சின்னச் சாமானை நம்பி இருப்பதால், புத்தகத்துக்குச் செலவிட்ட யோசனையில் பாதியை இதற்கும் கொடுத்தேன்.

முதல் போட்டி 32 ஜிபிக்கும் 64 ஜிபிக்கும். சாதாரணத் தரத்தில் ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவுதான் பிடிக்கும். 32 ஜிபியில் 500 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அம்மிச்சிக்கு அது போதும், மிஞ்சும். இதில் வேறொரு சூட்சுமமும் உண்டு. 32 ஜிபி பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகி வரும். பெரிய கொள்ளளவுகள் பலவும் எக்ஸ்ஃபேட்டில் வரும். பழைய டி.வி., கார் ஸ்டீரியோ, கோயில் ஸ்பீக்கர் செட் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, சொருகினால் ‘நோ டிவைஸ்’ என்று காட்டும். கடைக்காரர் டிரைவ் கெட்டுவிட்டது என்பார், ஆனால் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். ஃபேட்32இல் உள்ள குறை, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்ற முடியாது. சினிமா ஏற்றுபவருக்குத்தான் அது தொந்தரவு. 32 ஜிபியே ஜெயித்தது.

இரண்டாவது, யுஎஸ்பி 2.0வா, 3.0வா? அட்டையில் வாசிக்கும் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நம்மைக் காக்க வைப்பது எழுதும் வேகம். மலிவான 2.0வில் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியத்தை ஏற்றப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். ஒரு தரம் ஏற்றிவிட்டால் அப்புறம் படிக்கிறதும் கேட்கிறதும்தான், அதற்கு 2.0வே தாராளம். விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் 3.0 எடுக்கலாம், வேகத்துக்காக ஏங்கி எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு தலையா, இரட்டைத் தலையா? ஒரு முனை டைப்-சி, மறு முனை சாதாரண யுஎஸ்பி. தங்கச்சி மகளிடம் லேப்டாப் இன்னும் இல்லை, செல்போன்தான். அதில் டைப்-சி முனை போகும், மறு முனை வீட்டு டி.வி.க்கும் கல்லூரி லேப் கம்ப்யூட்டருக்கும் போகும். இதற்குக் கூடுதல் காசு தரத் தயங்காதீர்கள். நகம் அளவு இருக்கிற குட்டி டிரைவ்கள் அழகுதான், ஆனால் கம்ப்யூட்டரிலேயே மறந்து வைத்துவிட்டு வரும் ஜாதி.

“2 டிபி, முந்நூறு ரூபாய்” என்று ஆன்லைனில் வருவதைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கிற சிப் பொய்க் கொள்ளளவைக் காட்டும். உண்மையான இடம் நிறைந்த பிறகு ஏற்றுவது பழையதை அழிக்கும், அல்லது காற்றில் போகும். ஃபைல் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக எதை வாங்கினாலும் எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவசக் கருவியால் முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டுத்தான் புத்தகத்தை ஏற்ற வேண்டும். 32 ஜிபி வாங்கினால் கம்ப்யூட்டர் 29.8 என்று காட்டும். அது மோசடி இல்லை, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது.

தங்கச்சி மகள் பையில் இரட்டைத் தலை டிரைவோடு பழைய 8 ஜிபி ஒன்றையும் போட்டேன்.

“ரண்டு எதுக்கு மாமா?”

“பழசு ஜெராக்ஸ் கடைக்கு, அம்மணி. அந்தக் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும், புதுசை அதுல சொருகாதே. ஃபோல்டருக்குப் பதிலா ஷார்ட்கட் தெரிஞ்சா தொறக்காதே, ஃபார்மட் போட்டுரு.”